ஆ காட்டு

ஜூன் 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரன் லேபில் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. யாரையாவது திட்டாமல் என்னால் இருக்க முடியாது. வீட்டில் திட்டினால் சண்டை வருகிறது, லேபில் திட்டினால் வேலை போகும். டைரி என்றால் திருப்பிப் பேசாது.

முதல் திட்டு காலையில் வந்த மனிதருக்கு. ரத்தம் கொடுக்கக் கையை நீட்டி உட்கார்ந்துவிட்டார். "வெறும் வயித்துலதான வந்திருக்கிய?" என்று கேட்டேன். வருகிற அத்தனை பேரிடமும் கேட்கிற கேள்வி. "ஆமாம்மா, ஒண்ணுமே சாப்பிடல. ரெண்டே ரெண்டு இட்லி" என்கிறார். நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பினேன். வாசல் வரைக்கும் என்னை ஏசிக்கொண்டே போனார். பசித்த ஆட்கள் ஏசுவது எனக்குப் பழகிவிட்டது. விடிந்ததும் என் முன்னால் வந்து உட்காருகிற எல்லோரும் காபிகூடக் குடிக்காமல் வருகிறவர்கள்தான். யாருடைய முகத்திலும் ஈ ஆடாது.

இரண்டாவது திட்டு என் மகளுக்கு. தாமிராவுக்கு ஆறரை மாதம். போன மாதம் கோயிலில் வைத்துச் சோறு கொடுத்தோம். அன்றிலிருந்து கூழ், கஞ்சி என்று நானும் மல்லுக்கட்டுகிறேன். மதியம் வேலை முடிந்து வந்ததும் ஊறவைத்த கேழ்வரகை அரைத்துப் பால் எடுத்து, கட்டி தட்டாமல் கிண்டி, என் புறங்கையில் தொட்டுப் பார்த்து ஆறவைத்துக் கொண்டுபோனால், ஸ்பூனைப் பார்த்ததுமே வீறிட்டு அழுகிறாள். வாயில் படக்கூட இல்லை. நான் என்ன விஷமா கொடுக்கிறேன்?

மூன்றாவது திட்டு மைனிக்கு. என் வீட்டுக்காரரின் அக்கா. பெயர் பேச்சியம்மாள், யூடியூபில் பிரியா. புருஷனோடு ஒத்துவராமல் மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வேலைக்குப் போகிற நேரம் தாமிராவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். இன்றைக்கு நான் கிண்ணத்தோடு போராடுவதைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "எங்கிட்ட லபக் லபக்குனு சாப்பிடுதாளே சங்கரி. நீ ஊட்டுத விதம் சரியில்லையோ என்னவோ."

பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு கிண்ணத்தைக் கழுவினேன்.

ஜூன் 6, வியாழன்

மைனி சொல்வது பொய்யில்லை. அதுதான் எரிச்சலே.

'ஆ காட்டு தங்கம்' என்பது அவருடைய சேனல். குழந்தைகளுக்கான காலை உணவு. சமைப்பது மைனி, படம் பிடிப்பது என் வீட்டுக்காரர், சாப்பிடுவது என் மகள். வீட்டுக்காரருக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற தொழில், முகூர்த்தம் இல்லாத காலைகளில் அவர் வீட்டில்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷூட் கிடையாது. நான் வீட்டில் இருக்கிற ஒரே காலை அதுதான்.

இன்றைய வீடியோ: வேகவைத்த சீனிக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்த்து மசித்தது. நேற்று செவ்வாழைப்பழமும் அவல் கஞ்சியும். அதற்கு முந்தின நாள் இட்லியைப் பூப் பூவாக வெட்டி நெய்யில் குழைத்தது. எல்லாவற்றையும் தாமிரா வாயை ஆவென்று திறந்து வாங்குகிறாள். கையை நீட்டுகிறாள், நாற்காலியை விட்டு எம்புகிறாள். பார்க்கிற எவருக்கும் இந்தப் பிள்ளை என்னமாய்ச் சாப்பிடுகிறது என்றுதான் தோன்றும். எனக்கே தோன்றியது.

சாயங்காலம் அதே சீனிக்கிழங்கை அதே மாதிரி மசித்து நான் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பால்கனியில் என் துணிக்கொடியையும் கழற்றிவிட்டார்கள். கேட்டால், "நிழலு விழுது சங்கரி, எதிர் வீட்டுத் தண்ணித்தொட்டியத் தாண்டி வெயில் வாரதே ஒம்பது மணிக்கு மேல. அதுலயும் உன் நைட்டி நிழலா?" என்கிறார் வீட்டுக்காரர். ஈரத் துணியைத் தலையில் காயப்போட்டுக்கொள்ளவா?

ஜூன் 9, ஞாயிறு

இன்று முழுக்க நான்தான் ஊட்டினேன். ஸ்பூனைக் காட்டினேன், அழுதாள். அழுகைக்கு நடுவில் எப்படியோ ஒரு வாய் போய்விட்டது. உடனே இரண்டு கையாலும் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டாள். ஈறால் கடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள். நான் இழுக்க, அவள் இழுக்க, கூழ் எல்லாம் என் சேலையில். அப்படி ஒரு பிடி. அவள் அப்பா வீட்டுப் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. ஸ்பூனை வாங்கினால்தானே அடுத்த வாய் கொடுக்க முடியும், இது தெரியவேண்டாமா அவளுக்கு?

ஒரு தட்டுத் தட்டிவிட்டேன், கையில். லேசாகத்தான்.

ஜூன் 14, வெள்ளி

லேபுக்கு வந்த ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க தாமிரா அம்மாதான? எங்க வீட்ல காலையில உங்க பிள்ளையப் போட்டுக் காமிச்சுத்தான் எம் பிள்ளைக்கு ஊட்டுதேன்" என்றாள். நரம்பு சிக்காத கை அவளுக்கு. ஆனாலும் ஒரே குத்தில் எடுத்துவிட்டேன்.

இன்று வந்தது சின்ன வீடியோ. ஸ்பூன் வாய் வரைக்கும் வரும், நிற்கும், பின்னால் போகும். தாமிரா வாயைத் திறந்தபடியே கழுத்தை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வருவாள். மறுபடி வரும், மறுபடி போகும். கடைசியில் உதட்டைப் பிதுக்குகிறாள் பாருங்கள், அப்படி ஒரு அழகு. பின்னணியில் பாட்டு வேறு. பஸ்ஸில் வரும்போது திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் சித்தி மகளுக்கு அனுப்பினேன். லேபில் எல்லோருக்கும் அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து ஊட்டினால் பழைய கதைதான்.

ஜூன் 20, வியாழன்

தாமிராவுக்கு எடை ஏறவில்லை.

இருமலுக்குக் காட்டத்தான் போனோம். டாக்டரம்மா மெஷினில் போட்டுப் பார்த்தார். பிறகு இறக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். "போன தடவை எவ்வளவோ அதேதான் இருக்கு. என்ன கொடுக்கீங்க?" நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேழ்வரகு, ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி, பருப்பு, பழம். காலையில் நான் எடுத்துவைத்துவிட்டுப் போகிற தாய்ப்பால். மதியத்திலிருந்து மடியிலேயே கிடந்து குடிப்பது. "காலையில நல்லாச் சாப்பிடுவா டாக்டர், வீடியோவே இருக்கு" என்று என் வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார். டாக்டரம்மா பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஒன்பதாம் மாச ஊசிக்கு வருவீங்கல்ல? அதுக்குள்ள ஏறியாகணும். இல்லேன்னா அட்மிட் பண்ணி, ரத்தம் எடுத்து, எல்லா டெஸ்ட்டும் பார்த்திருவோம்."

அந்தப் பிஞ்சுக் கையில் எங்கே நரம்பு தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும். புறங்கையில் பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் காலில். அதுவும் இல்லாவிட்டால் தலையில். இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அமுக்கிப் பிடிக்கிற வேலையை நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். தாய்மார்களை வெளியே போகச் சொல்லி அதட்டியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் வீட்டுக்காரர், "உனக்குப் பொறுமை கெடையாது சங்கரி. அக்கா கொடுத்தாச் சாப்பிடுதா, நீ கொடுத்தா அழுதா. டாக்டர் சொல்லித்தான் தெரியணுமா?" என்றார்.

ஆட்டோக்காரர் முன்னால் வைத்துச் சொன்னார்.

ஜூன் 21, வெள்ளி

பேச்சுவார்த்தை இல்லை. சட்டினியில் உப்பைக் கூடப் போட்டேன். தெரிந்துதான் போட்டேன்.

ஜூன் 26, புதன்

மைனியிடம் ஊட்டக் கற்றுக்கொள்வது என்று என் கௌரவத்தை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன். மைனி பிகு பண்ணாமல் சொல்லித்தந்தார். அதற்கும் கோபம் வந்தது. கொஞ்சமாவது குத்திப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"இது வெளையாட்டுக் காரியம் இல்ல சங்கரி. எனக்கு இது பூசை மாதிரி. காலையில தலைக்கு ஊத்தி, வெளக்கேத்தி, கேமராவுக்குச் சந்தனம் வச்சுத்தான் அடுப்புப் பத்தவைப்பேன். ஷூட் முடியுத வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது. அப்படி இருந்தாத்தான் நிக்கும்."

எது நிற்கும்? சேனல். மைனிக்கு அதை விட்டால் வேறு பிடிமானம் இல்லை, எனக்கும் தெரியும். அவர் புருஷன் வீட்டிலிருந்து வரும்போது ஒரு பையோடு வந்தார். இன்று பாளையங்கோட்டையில் அவரோடு செல்ஃபி எடுக்க ஆள் இருக்கிறது. கேமராவுக்குச் சந்தனம் வைக்கட்டும், குங்குமமும் வைக்கட்டும், எனக்கென்ன? என் பிள்ளை உடம்பில் சதை வைத்தால் போதும்.

நாளையிலிருந்து எல்லாவற்றிலும் ஒரு சொட்டு நெய் கூடுதல்.

ஜூலை 2, செவ்வாய்

விடியுமுன் தூங்குகிற பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன். அவள் எழுந்ததும் கொடுப்பதற்குக் கறந்த பால், சின்னச் சின்ன எவர்சில்வர் டப்பாவில், பிரிட்ஜில். திரும்பி வரும்போது டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்திருக்கின்றன. அப்படியானால் குடித்திருக்கிறாள். காலைப் பலகாரமும் சாப்பிட்டிருக்கிறாள், வீடியோவில் ஊரே பார்க்கிறது. பிறகு ஏன் நான் வரும்போது அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாள்? ஏன் எழுந்ததும் மார்பைக் கடிக்கிறாள்?

"காலையில பால் கொடுத்தியளா மைனி?"

"கொடுக்காம இருப்பேனா? என்ன கேள்வி கேக்க நீ?"

தப்பாகக் கேட்டுவிட்டேனாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது. சவத்தை, இந்த வீட்டில் கேள்வி கேட்கக்கூட நல்ல நேரம் பார்க்கணும்.

ஜூலை 8, திங்கள்

கடைசியில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. என் பாலில் சத்தில்லையோ என்று லேபில் ஞானையா சாரிடம் கேட்டேன். அவர்தான் முதலாளி. "அதுக்கெல்லாம் நம்மகிட்ட டெஸ்ட் இல்லம்மா" என்று சிரித்தார். என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது?

ஜூலை 15, திங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு இவர்கள் பேசுகிற பேச்சில் நானே மறந்துபோவேன்.

வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கிற பையன் இன்று வரவில்லை. ஞானையா சார் என்னைப் போகச் சொன்னார். முகவரியைப் பார்த்தால் எங்கள் தெரு. எங்கள் வீட்டுக்கு எதிர் மாடி. தண்ணீர்த்தொட்டி இருக்கிறதே, அந்த வீடு. லாரி ஆபீஸ் வைத்திருக்கிற அண்ணாச்சி, கால் எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். சர்க்கரை பார்க்கணும்.

மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். "வெறும் வயித்துலதான இருக்கிய அண்ணாச்சி?"

"ஆமாம்மா. கண்ணு இருட்டுது. வெரசா எடுத்துட்டுப் போ."

கட்டில், சாத்திய கண்ணாடி ஜன்னலை ஒட்டி. கையில் ரப்பரைக் கட்டி ஊசியை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். நேர் எதிரே எங்கள் பால்கனி. வெயில் இன்னும் வரவில்லை. தாமிரா அந்த உயர நாற்காலியில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் பலகையில் இளஞ்சிவப்பாக ஏதோ இருக்கிறது, பீட்ரூட் போட்ட இட்லி. அவள் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறார்கள். அழுகிறாள். என் வீட்டுக்காரர் கேமராவுக்குப் பின்னால் நின்று ஆகாயத்தைப் பார்க்கிறார். மைனி ஒரு கிலுகிலுப்பையை ஆட்டுகிறார்.

"தெனமும் இப்படித்தான்" என்றார் அண்ணாச்சி. "விடிஞ்சதுல இருந்து அந்தப் பிள்ள அழும். எம் பொண்டாட்டி கேக்கச் சகிக்கலைன்னு ஜன்னலச் சாத்திருவா. வெயில் வந்தப்புறம்தான் ஏதோ கொடுப்பாவ. படம் புடிக்காவளாம்ல்லா." பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஏ தாயி... அது உம் பிள்ளையா?"

அவர் நரம்பில் ஊசி இறங்கியிருந்தது. நான் நகரவில்லை. குழாய் நிறைந்ததும் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அமுக்கியபடி அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் தொட்டியைத் தாண்டி வந்தது. மைனி ஸ்பூனை எடுத்தார். தாமிரா வாயைத் திறந்தாள். ஸ்பூன் வாய் வரைக்கும் போனது. வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். ஸ்பூன் நின்றது. பின்னால் வந்தது. மைனி கிண்ணத்தைத் துடைத்து மறுபடி நிரப்பினார். ஸ்பூன் போனது, நின்றது, வந்தது. என் மகள் கழுத்தை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். இங்கே சத்தம் எதுவும் கேட்கவில்லை. பாட்டும் இல்லை.

பஞ்சை ஒட்டினேன். குழாயில் பெயரை எழுதி ஒட்டினேன். "சாப்பிடுங்க அண்ணாச்சி, முடிஞ்சிட்டு" என்று சொன்னேன். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்ட அந்த வீட்டில் அதற்கு மேல் மரியாதையாகப் பேச என்னால் முடியவில்லை. படியிறங்கித் தெருவைத் தாண்டினேன்.

என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர், "ஏ, பிரேம்ல வராத, தள்ளு தள்ளு" என்றார். நான் யார் என்று பார்த்துச் சொன்னாரா, பார்க்காமல் சொன்னாரா, தெரியாது.

கேமராவைத் தாண்டிப் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். லேப் கோட்டோடு அங்கேயே தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். விக்கி விக்கிக் குடித்தாள். ஒரு கையால் என் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள், அந்த ஸ்பூனைப் பிடிப்பாளே, அதே பிடி.

"என்னத்துக்கு இப்படி முறைக்க? ஒரு ரெண்டு டேக் தான் பாக்கி" என்றார் அவர்.

"எந்திரிச்சதுல இருந்து இவளுக்கு என்ன கொடுத்திய?"

அவர் கேமராவை அணைத்தார்.

"பிரிட்ஜுல வச்ச பால் எங்க?"

"ஷூட் முடிஞ்சதும் கொடுப்போம்" என்றார் மைனி. "மொதல்லயே பால் குடிச்சிட்டா வாயத் தொறக்க மாட்டா சங்கரி. பசிச்சாத்தான ருசிச்சுச் சாப்பிடுவா?"

"பட்டினியாப் போட்டோம்? கொஞ்சம் லேட்டாக் கொடுக்கோம், அம்புட்டுத்தான்" என்றார் இவர்.

நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். வரட்டும். தெருவே வரட்டும். தெருவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தானே தெரியவில்லை. "கூறுகெட்ட ஜென்மங்களா, எட்டு மாசப் பிள்ளை வாயில சோறு வைக்கதுக்கு வெயில் வரணுமா? அது ஸ்பூனைக் கண்டா ஏன் அழுதுன்னு ஒரு நாளாவது யோசிச்சியளா? எனக்குப் பொறுமை இல்லையாம், எனக்கு ஊட்டத் தெரியலையாம்! டாக்டர்கிட்ட செல்லை நீட்டினியளே, அப்பமாவது வாயத் தொறந்தியளா?"

மைனி அழ ஆரம்பித்தார். "நான் மட்டும் சாப்பிட்டேனா சங்கரி? அவ சாப்பிடுத வரைக்கும் நானும் பச்சத் தண்ணி குடிக்கலையே! எம் பிள்ளையா நெனச்சு, அவளோட சேந்து நானும் இருந்தேனே!"

இதைக் கேட்டதும்தான் எனக்கு உச்சி மண்டையில் ஏறியது. மனசாரச் சொல்கிறார். பிள்ளையும் தன்னோடு விரதம் இருக்கிறது என்றே நினைத்திருக்கிறார். "நீங்க நேந்துக்கிட்டிய, நீங்க பட்டினி கெடந்திய. அவ நேந்துக்கிட்டாளா மைனி? அவகிட்டக் கேட்டியளா?" என்றேன்.

கிண்ணத்தைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். பீட்ரூட் இட்லி அண்ணாச்சி வீட்டு லாரிமேல் விழுந்தது. அப்புறம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரத்தக் குழாய்ப் பெட்டியை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு லேபுக்கே போய்விட்டேன்.

அந்தச் சின்ன வீடியோவை யார் யாருக்கு அனுப்பினேன் என்று நான் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

ஜூலை 18, வியாழன்

"இனிமே எம் பிள்ள முகம் எந்தக் கேமராவுலயும் வரக்கூடாது" என்றேன். "அக்காவோட பொழப்பு சங்கரி" என்றார் இவர். "அப்பம் நீங்க உக்காருங்க அந்த நாக்காலியில" என்றேன்.



ஜூலை 22, திங்கள்

தாமிராவை லேபுக்கே தூக்கிக்கொண்டு போகிறேன். ஞானையா சார் முதல் நாள் முகத்தைச் சுளித்தார். "சரி போ, சத்தம் வராமப் பாத்துக்க" என்றார்.

விடிந்ததும் கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் வெறும் வயிறு. நடுவில் பாய் விரித்து என் மகள். அவளுக்குப் பசிக்கிற நேரம் வந்ததும் செவ்வாழைப்பழத்தை நசுக்கினேன். அத்தனை பேரும் அவள் வாயையே பார்க்கிறார்கள். ஒரு பெரியவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "எங்களத்தான் போட்டுக் கொல்லுதிய, அந்தப் பிள்ளையாவது வயிறாரத் தின்னட்டும்" என்றார்.

ஆனால் ஸ்பூனை எடுத்தால் அழுகை. இன்றைக்கும் அப்படித்தான். கோபத்தில் ஸ்பூனைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். பழத்தை விரலில் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிடுங்கிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, சட்டென்று மொத்தக் கையையும் வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மூக்கு, கன்னம், காது எல்லாம் பழம். பெரியவர் கைதட்டினார்.

இனி இப்படித்தான். இட்லியைச் சின்னத் துண்டாகப் பிய்த்து வைப்பேன். கேரட்டையும் சீனிக்கிழங்கையும் விரலால் நசுக்கினால் நசுங்குகிற அளவுக்கு வேகவைத்து நீளமாக வைப்பேன். பருப்பைக் கெட்டியாக உருட்டி வைப்பேன். அவள் கை, அவள் வாய். நடுவில் எவரும் வேண்டாம், நானும் வேண்டாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மைனி சேனலில் இப்போது வெறும் சமையல் மட்டும்தான். ஒரு நாள் பொம்மையை வைத்து எடுத்துப் பார்த்தார்கள் போல. வீடியோவுக்குக் கீழே எல்லோரும், 'பாப்பா எங்கே? பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?' என்று கேட்டிருக்கிறார்கள். இத்தனை அக்கறை உள்ள ஊருக்கு அப்போது கண் அவிந்தா போயிருந்தது?

நான் கிளம்பும்போது மைனி அடுக்களையில் நிற்கிறார். ஒரு டப்பாவில் இட்லி, உப்புப் போடாத பருப்பு, எல்லாம் ஆறவைத்துக் கட்டி மேடைமேல் வைக்கிறார். என் கையில் தருவதில்லை. நானும் கேட்பதில்லை. எடுத்துக்கொண்டு போகிறேன். பிள்ளை சாப்பிடுகிறது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒன்பதாம் மாத ஊசி. மெஷினில் உட்காரவைத்தார் டாக்டரம்மா. நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏறியிருக்கே! நல்லாவே ஏறியிருக்கு. என்ன பண்ணுனீங்க?"

"பசிச்ச நேரத்துல கொடுத்தேன் டாக்டர்."

அட்மிஷன் வேண்டாம், ரத்தம் வேண்டாம். என் வீட்டுக்காரர், "அப்பாடா" என்று நெஞ்சில் கைவைத்தார். ஏதோ இவர் ஊட்டி ஏறிய மாதிரி. ஆட்டோவில் என் கையைப் பிடித்தார். எடுத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் முன்னால்தான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் மைனி தோசை வார்த்தார். இவர் பால்கனிப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தாமிராவின் தட்டில் இட்லியும் பருப்பும் பிசைந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். சாம்பார்ச் சட்டியில் கிடந்த ஸ்பூன் கீழே விழுந்து உருண்டு அவள் பக்கம் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

பிடுங்கப் போனேன். அழவில்லை. அதனால் விட்டுவிட்டேன். தட்டில் குத்தினாள், தட்டினாள், எப்படியோ ஒரு துணுக்கு இட்லி ஸ்பூனில் ஒட்டிக்கொண்டது. அதை ஆடி ஆடி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஆ" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். ஸ்பூன் என் உதடு வரைக்கும் வந்தது. நின்றது. பின்னால் போனது.

மறுபடி "ஆ" என்றாள். மறுபடி வந்தது. மறுபடி போனது. அவள் சிரிக்கவில்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்கிற முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ யக்கா, இங்க வந்து பாரேன்! என்னமா வெளையாடுதா பாரு!" என்று இவர் சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்தார்.

"வெளையாடல" என்றேன். "ஊட்டுததுன்னா இதுதான்னு நெனச்சிருக்கா. நீங்க ரெண்டு பேரும் படிச்சுக் கொடுத்தது."

செல்போன் பாதி வழியில் நின்றது. மைனி தோசைக் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றார். கல்லில் தோசை கருகுகிற வாசம் வந்தது. யாரும் போகவில்லை.

தாமிரா என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பி முட்டிபோட்டுத் தவழ்ந்தாள், ஸ்பூனைத் தரையில் இழுத்துக்கொண்டே. அவர் தொடையைப் பிடித்து எழுந்து நின்று ஸ்பூனை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஆ."

செல்போனைக் கீழே வைத்துவிட்டு அவர் வாயைத் திறந்தார். ஸ்பூன் வந்தது. போனது. வந்தது. போனது. அவர் வாயை மூடவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"மூடிராதிய" என்றேன். "தொறந்தே வச்சிருங்க. வெயில் வரட்டும்."